நெஞ்சு வலித்தால் நேரே வாருங்கள்

அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் கணவர் தேடியது ஒரு சின்னத் திருப்புளியை. ஒரு காலில் செருப்பை மாட்டியாயிற்று. மறு கால் வாசற்படியில் வெறுமனே இருந்தது.

"மஞ்சக் கைப்பிடி போட்டது. இங்கதானே வெச்சேன்?"

என் மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்க நான்தான் எடுத்திருந்தேன். எடுத்த இடத்தில் வைக்காமல் என் சிவப்புப் பேனாக்களோடு போட்டுவிட்டேன். கொண்டுவந்து கொடுத்தேன்.

"உங்க பேனாவக் கொண்டுபோய் என் பெட்டியில போட்டா சும்மா இருப்பீங்களா, மேடம்?"

"இன்னிக்கு டாக்டரப் பாக்கப் போறோம். திருப்புளி எதுக்கு?"

"கூப்பிடற வரைக்கும் உக்காந்துதானே இருக்கணும்? அரை மணி நேரம் லிஃப்ட நிறுத்தக் குடுத்தாங்கன்னா அந்த மூணாவது மாடிய முடிச்சிடுவேன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் போகவிருந்த இதய மருத்துவமனையின் லிஃப்ட் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அது மற்ற மாடிகளில் தரைமட்டத்துக்குச் சரியாக நிற்கும். மூன்றாவது மாடியில் மட்டும் நான்கு விரல் உயரத்தில் நின்றுவிடும். சரிசெய்ய அரை மணி நேரம் லிஃப்டை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்குத் தலைமை இதய மருத்துவரின் கையெழுத்து வேண்டும். தலைமை மருத்துவரின் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. அவர் படி ஏறுவதில்லை. ஆகவே லிஃப்டை நிறுத்தும் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. என் கணவர் ஐந்து முறை எழுதிக் கொடுத்திருந்தார்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறேன். கருத்து கொடுத்தவருடையது, பிழை மட்டுமே நம்முடையது என்பது எங்கள் முதலாளி முதல் நாளே சொன்ன விதி. அதை நான் மீறியதில்லை. இப்போதும் மீறவில்லை என்பதுதான் என் எண்ணம்.

அந்த மருத்துவமனையின் துண்டுப் புத்தகம் எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. தலைப்பு, "நெஞ்சு வலித்தால் நேரே வாருங்கள்". அன்றைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, அதன் முதல் பதிப்பின் படியை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பிடும்போது அவருக்கு வாசித்துக் காட்டினேன். மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம். நின்றால் தணிவது. இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது. காரணமில்லாத வியர்வை. முன்பு நான்கு மாடி ஏறினால் வந்தது இப்போது இரண்டு மாடிக்கே வருவது. இதில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் இதய மருத்துவரைப் பாருங்கள்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இத எழுதினவன் என் பின்னாலயே படி ஏறியிருக்கான்."

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டு வாரமா ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் மேல போறேன். வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"நாப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா?"

"படிக்கட்டுக்குத் தெரியலையே."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருந்தோம். இந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். முன் வாசலில் தலைமை மருத்துவர் தன் நெஞ்சில் கை வைத்துச் சிரிக்கும் படம் ஒரு மாடி உயரத்துக்கு இருந்தது. பின் வாசல் அவசரப் பிரிவுடையது. எந்தப் பக்கம் போவது என்று காவலாளியைக் கேட்டேன்.

"நடந்து வர்றவங்க முன் வாசல். படுத்து வர்றவங்க பின் வாசல்" என்றார்.

நாங்கள் நடந்துதான் வந்திருந்தோம்.

உள்ளே ஒரு முகப்பு மேசை. அங்கிருந்த பெண்ணின் முன் தகுதித்தாள் என்று ஒன்று இருந்தது. பத்துக் கேள்விகள், கேள்விக்கு ஒரு மதிப்பெண். ஏழு வாங்கினால் இதய மருத்துவரைப் பார்க்கலாம். ஏழுக்குக் கீழே என்றால் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பெண்ணுக்கு என் கணவர் அங்கேயே "டீச்சர்" என்று பெயர் வைத்துவிட்டார்.

"இப்ப வலி இருக்கா?" என்றார் டீச்சர்.

"இப்ப இல்லம்மா. மாடி ஏறினா வரும்."

"ஏறினா வரும்னு கட்டம் இல்ல சார். இருக்கு, இல்ல, ரெண்டுதான்."

"அப்ப இல்லன்னுதான் சொல்லணும்."

நான் அவர் முழங்கையை இடித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. இயந்திரத்தோடு பழகுகிறவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். இல்லாத பழுதை இருக்கிறதென்று எழுத வராது.

"ஆறு" என்றார் டீச்சர். "ஒரு மார்க் குறையுது."

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். ஒரு மார்க்ல கோட்ட விட்டவன் நான்."

"நீங்க வேணா வலிய வரவழைச்சுட்டு வாங்களேன் சார். படி அந்தப் பக்கம் இருக்கு."

அவர் கேலி செய்யவில்லை. உதவிதான் செய்தார். அவர் கையில் இருந்த தாளில் உதவி செய்ய அவ்வளவுதான் இடம் இருந்தது.

என் கணவர் போய் இரண்டு மாடி ஏறினார். வலி வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அதற்குள் மேசை முன் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது வலி போயிருந்தது. மறுபடி ஏறினார். மறுபடி ஒன்பது பேர். மூன்றாவது முறை நான் வரிசையில் நின்றுகொண்டேன். அவர் வலியோடு இறங்கி நேராக என் இடத்துக்கு வந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. டீச்சர் பேனாவை எடுத்தார்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் சார். காலையிலயே ஆறு போட்டாச்சு."

நான் குரலை உயர்த்தினேன். என்னை நோயாளி உறவு அலுவலரின் அறைக்கு அனுப்பினார்கள். குரலை உயர்த்துகிறவர்களுக்காகவே அந்த அறை கட்டப்பட்டிருந்தது. மெத்தை நாற்காலி, கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர், சுவரில் ஒரு வரைபடம். அலுவலர் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் பேசியதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன். என் தொழிலில் ஞாபகம்தான் கருவி.

"உங்க கோபம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா. அதப் பதிவு பண்ணிக்கிறோம். ஆனா ஒண்ண நீங்க புரிஞ்சுக்கணும். இங்க சேர்ந்தவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பேர் நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க. எப்படி? கவனமாப் பொறுக்கித்தான் சேக்கறோம். கண்டவங்களையும் உள்ள விட்டா விகிதம் என்னத்துக்கு ஆகும்? விகிதம் போனா பேர் போயிடும். பேர் போனா, நாளைக்கு நெஞ்சு வலின்னா ஜனங்க யாரை நம்பி வருவாங்க, சொல்லுங்க?"

"இப்பவே நம்பித்தான் சார் வந்திருக்கோம்."

"அதான் பாருங்க. விகிதம் நல்லா இருக்கப் போய்த்தானே வந்தீங்க?"

பிறகு பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்தார். பதினோரு நாள் கழித்து இதய வாரம் வருகிறது. அப்போது தகுதித்தாள் இல்லாமலே பார்ப்பார்கள். எங்கள் பெயரை எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் என் கணவர், "விகிதம் சார் நல்ல மனுஷன்தான்" என்றார். "சுவத்துல இருக்கற படத்தப் பாத்தியா? கோடு மேலேயே போகுது. லிஃப்ட் அப்படிப் போனா நாங்க கரண்ட்ட நிறுத்திடுவோம்."

வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். போயிருக்கலாம். ஆனால் துண்டுப் புத்தகத்தில் அந்த மருத்துவமனைதான் நேரே வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தது. ஒற்றுப்பிழைகூட இல்லாமல் அதைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

இப்படித்தான் அந்தக் காலை வந்தது. திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவர் வந்தார். எங்கள் எண் நாற்பத்து மூன்று. கூடம் முழுக்கச் சிவப்புத் தாளில் வெட்டிய இதயங்கள் தொங்கின. பத்தரை மணிக்கு மூன்றாவது மாடியில் தலைமை மருத்துவர் உரை. பொருள், தாமதம் ஒரு கொலைகாரன். எண் முப்பத்தொன்பதைக் கூப்பிட்டபோது மணி பத்து நாற்பது. அப்போது விகிதம் சார் கூடத்துக்குள் ஓடி வந்தார். அந்தக் கட்டடத்தில் ஒருவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க லிஃப்ட்காரர்தானே? பெரிய டாக்டர் ஐயா உள்ள மாட்டிக்கிட்டார். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது."

"இன்னிக்கு நான் வைத்தியத்துக்கு வந்திருக்கேன் சார். கம்பெனிக்கு போன் பண்ணுங்க, வேற ஆள் வருவாங்க."

"அவங்க வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். ஐயாவுக்கு உள்ள மூச்சு முட்டுதுங்கறார். நெஞ்ச அடைக்குதாம்."

"அவருக்கு எத்தன மார்க் வந்துச்சாம்?" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்தார்.

"போகாதீங்க" என்றேன்.

"உள்ள ஒரு ஆள் மாட்டியிருக்கான்டி. பெரிய டாக்டரா இருந்தா என்ன, எலியா இருந்தா என்ன? நீ நம்ம நம்பரப் பாத்துக்க. மெதுவா ஏறறேன்."

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எண் போய்விடும் என்று நாற்காலியின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று.

இயந்திர அறை ஐந்தாவது மாடிக்கு மேலே, மொட்டைமாடியில் இருக்கிறது. லிஃப்ட் சிக்கிக்கொண்டால் அங்கே போய் மின்சாரத்தை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, ஒரு கைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பெட்டியை மாடிக்குக் கொண்டுவர வேண்டும். கிணற்றில் இறைக்கிற மாதிரிதான், ஆனால் கனம் என்று அவர் முன்பு சொல்லியிருக்கிறார்.

பதினொன்றே காலுக்கு ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. ஐயா வந்துவிட்டார். பதினொன்று இருபத்தைந்துக்கு நாற்பத்து மூன்றைக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். நான் எழுந்து படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒலிபெருக்கி இருந்தது. இரண்டாவது மாடியில் தலைமை மருத்துவர், "ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை" என்றார். நாலாவதில், "நம் மக்களிடம் இல்லாதது பணிவு" என்றார். மொட்டைமாடியிலும் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அங்கே, "மருத்துவர் இருக்கிறார், நோயாளிதான் வருவதில்லை" என்றார்.

என் கணவர் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைச் சக்கரத்தை அதன் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார். பராமரிப்புப் பதிவேடு மடியில் இருந்தது. கடைசியாக எழுதியிருந்தார்: 11.10. ஆள் மீட்பு. மூன்றாம் மாடி மட்டம் நான்கு விரல் மேலே. அரை மணி நேரம் தேவை.

அவரைக் கீழே கொண்டுபோக லிஃப்டைக் கேட்டேன். கொடுக்க முடியாது என்றார்கள். மெக்கானிக் சோதித்துக் கையெழுத்திடும்வரை யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஐயா உத்தரவு போட்டிருந்தார். மெக்கானிக் இவர்தான் என்றேன். அப்படியானால் இவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான்கு பணியாளர்கள் அவரைப் படி வழியாக இறக்கினார்கள். படுத்து வருகிறவர் என்பதால் பின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்த செவிலி எவ்வளவோ முயன்றார். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும்.

"எத்தன நாளா வலிக்குதுக்கா?"

சொன்னேன்.

"பதினோரு நாள் முன்னாடியே இந்தப் பக்கம் வந்திருக்கலாமே. நடந்து வந்தா என்ன? மாடி ஏறினா நெஞ்சு அடைக்குது, நாளுக்கு நாள் கூடுதுன்னு சொன்னா போதும். இங்க தாள் கீள் எதுவும் கெடையாது. அஞ்சு நிமிஷத்துல இ.சி.ஜி. எடுத்திருப்போம்."

"முன் வாசல்ல சொல்லலையே."

"அவங்களுக்கே தெரியாதுக்கா. அவங்க இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

இறப்புச் சான்றிதழோடு ஒரு குறிப்பும் கொடுத்தார்கள். "நோயாளி மிகத் தாமதமாக வந்தார்." எழுதிய குமாஸ்தாவிடம், பதினோரு நாள் முன்பே வந்தாரே என்றேன்.

"அது முன் வாசல் பதிவும்மா. பின் வாசல் பதிவுல இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் வந்திருக்கார்."

மூன்று மாதம் கழித்துத் துண்டுப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வேலை என் மேசைக்கு வந்தது. ஐந்து பத்திகள் பழையவை. ஆறாவது பத்தி புதியது. "ஓர் எச்சரிக்கை. நம் மருத்துவமனை லிஃப்டைப் பராமரித்த தொழிலாளி ஒருவர் பல வாரங்கள் தம் நெஞ்சு வலியை அலட்சியம் செய்தார். மருத்துவர்கள் அருகிலேயே இருந்தும் நாடவில்லை. உயிரை இழந்தார். அவரைப் போல் நீங்களும் இருந்துவிடாதீர்கள்."

முதலாளி மேசையருகே வந்து நின்றார்.

"இத வேற ஆள்கிட்ட குடுத்துடட்டுமாம்மா?"

"வேண்டாம் சார். பிழை இருக்கு. நானே பாக்கறேன்."

 அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். திரும்பப் போட்டுக்கொள்ளவே இல்லை.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கருத்துகளை விட்டுக் கொடுத்திருக்கிறேன். இது கருத்து அல்ல. நாள், நேரம், எண்ணிக்கை எல்லாம் தவறு. திருத்தினேன்.

"ஓர் எச்சரிக்கை. நம் மருத்துவமனை லிஃப்டைப் பராமரித்த தொழிலாளி ஒருவர், இந்தப் புத்தகத்தைக் கேட்ட மறுநாள் காலை எட்டு மணிக்கு நேரே வந்தார். அவருக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் கொடுக்கப்பட்டது. பதினோராம் நாள், தலைமை மருத்துவரை லிஃப்டிலிருந்து 11.10க்கு மீட்டுவிட்டு இறந்தார். அவர் எண் 11.25க்குக் கூப்பிடப்பட்டது. அவரைப் போல் நீங்களும் காத்திருக்காதீர்கள். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சும்மா இருக்கும்போது வந்து பத்து நிமிடத்தில் தணியாவிட்டாலோ, முன் வாசலுக்குப் போகாதீர்கள். பின் வாசலுக்குப் போங்கள். நடந்தும் வரலாம். அங்கே தாள் கிடையாது."

அச்சிடலாம் என்று ஐந்து பேர் கையெழுத்திட வேண்டும். அச்சுப் படியை நானே எடுத்துக்கொண்டு போனேன். எதையும் மறைக்கவில்லை. ஆறாம் பத்தியை மற்றவற்றைவிட ஓர் அளவு பெரிய எழுத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன். முதல் அதிகாரி, மேலே இருப்பவர்கள் எப்படியும் படிப்பார்கள் என்று கையெழுத்துப் போட்டார். இரண்டாமவர், கீழே படித்திருப்பார்கள் என்று போட்டார். மூன்றாமவர் தாளைத் தடவிப் பார்த்து, வழவழப்பு போதும் என்று போட்டார். விகிதம் சாருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஐயாவின் படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றார். ஐந்தாவது, தலைமை மருத்துவர்.

"பேருக்குப் பின்னால பட்டமெல்லாம் வந்திருக்கா?"

"எல்லாம் இருக்கு சார். ஓர் எழுத்து கொறையல."

போட்டார். போட்டுவிட்டு எழுந்து லிஃப்டுக்குப் போனார். லிஃப்ட் வாசலில் கால் தடுக்கியது. பக்கத்தில் நின்றவர் தாங்கிப் பிடித்தார்.

இருபதாயிரம் பிரதிகள். முதல் நூறைத் தலைமை மருத்துவரே கூடத்தில் தன் கையால் கொடுத்தாராம். காத்திருந்தவர்கள் படித்தார்கள். ஒருவர் பக்கத்திலிருப்பவருக்கு வாசித்துக் காட்டினார். கால் மணி நேரத்தில் முன் கூடத்தில் பாதி நாற்காலி காலி. எல்லோரும் நடந்து பின் வாசலுக்குப் போயிருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு அன்றே அடைப்பு எடுக்க வேண்டியிருந்தது என்று அந்தச் செவிலி பிறகு சொன்னார்.

மறுநாள் விகிதம் சார் அச்சகத்துக்கு வந்தார். எங்கள் அச்சகம் இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"உக்காருங்க சார். உங்க கோபம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

"இத வாபஸ் வாங்கணும். உடனே."

"வாங்கலாம் சார். படிக்காம கையெழுத்துப் போட்டோம்னு ஒரு கடுதாசி வேணும். அதே அஞ்சு பேர் போடணும்." கையெழுத்திட்ட படியை அவர் முன் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். அப்போதுதான் ஆறாம் பத்தியை முழுதாகப் படித்தார் என்று நினைக்கிறேன். நெற்றியில் வியர்வை ஓடியது. இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"என்ன சார், தோள் வலிக்குதா?"

"மாடி ஏறினேன். அதான்."

"நின்னா சரியாகுதா?"

"ஆகுது."

"முன்னெல்லாம் எத்தன மாடி ஏறினா வரும்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகப்பு மேசையிலிருந்து அன்று எடுத்துவந்த தகுதித்தாள் ஒன்று என் இழுப்பறையில் இருந்தது. எடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். ஏனோ ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"இப்ப வலி இருக்கா?"

"இப்ப... இல்ல."

"ஆறு சார்" என்றேன். "ஒரு மார்க் குறையுது."

இதைச் சொல்லும் நாளுக்காகத்தான் அந்தத் தாளை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருந்தேன். சொல்லிவிட்டு வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பிழையாகும். படியிறங்கும் முன் அவர் மேசையிலிருந்து ஒரு துண்டுப் புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் பின் வாசல் வழியாக நடந்து வந்ததாகச் செவிலி சொன்னார். தாள் கேட்கவில்லை. பிழைத்துக்கொண்டார். விகிதத்தில் அவரையும் சேர்த்திருப்பார்கள்.

விசாரணைக் குழு கூடியது. ஐந்து கையெழுத்தும் உண்மையானவை என்று கண்டுபிடித்துக் கலைந்தது. படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. அடுத்த இதய வாரத்தில் தலைமை மருத்துவர், பின் வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்டது தன் நெடுநாள் கனவு என்றும், ஆறாம் பத்தியைத் தானே கண் விழித்து எழுதியதாகவும் பேசினார். மூன்றாம் பதிப்பில் அது அப்படியே இருக்கிறது.

அதன் அச்சுப் படியில் கையெழுத்து வாங்க நேற்று போயிருந்தேன். புது மெக்கானிக் ஒருவர் வந்திருக்கிறார். அவரும் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். லிஃப்ட் மூன்றாவது மாடியில் இன்னும் நான்கு விரல் மேலேதான் நிற்கிறது.